ஜெனரலுக்கு ஒரு டூப்

ராணுவ ரகசியத் திட்டமெல்லாம் மேப் விரித்த மேஜை மேல்தான் பிறக்கும் என்று நினைக்கிறீர்களா? இந்தத் திட்டம் பிறந்தது சினிமா பார்த்ததில்!

1944 ஜனவரி. நேபிள்ஸ் நகரில் 'ஃபைவ் கிரேவ்ஸ் டு கெய்ரோ' பார்த்துக்கொண்டிருந்தார் டட்லி கிளார்க். எதிரியை ஏமாற்றுவதற்கென்றே பிரிட்டிஷ் ராணுவம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அதிகாரி. (என்ன வேலை பாருங்கள்!) படத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரி (செல்லமாக 'மான்டி') வேஷத்தில் ஒரு நடிகர் வந்தார். கிளார்க்குக்குப் பொறி தட்டியது. பிரான்ஸ் மீது படையெடுக்கும் சமயம் இப்படி ஒரு ஆளை மத்தியதரைக் கடல் பக்கம் உலவவிட்டால்? 'மான்டியே அங்கேதான் இருக்கிறார், அடியும் அங்கேதான்' என்று ஜெர்மானியர்கள் நம்பிவிட மாட்டார்களா?

அந்த நடிகரையே பிடிக்கலாம் என்று பார்த்தால், ஆள் ரொம்ப உயரம்! கடைசியில் சிக்கியவர் கிளிஃப்டன் ஜேம்ஸ். ராணுவத்தில் சம்பளப் பட்டுவாடாப் பிரிவு லெஃப்டினன்ட். அதற்குமுன் நாடக நடிகர். டேவிட் நிவன் (ஆமாம், ஹாலிவுட் நிவனேதான்) ஃபோன் போட்டு, ராணுவப் படத்தில் நடிக்கலாம் என்று ஆசை காட்டியதும் மனிதர் கிளம்பி லண்டன் வந்துவிட்டார். வந்தபிறகுதான் தெரிந்தது, ஷூட்டிங் கிடையாது. யாராவது ஷூட் பண்ணினால்தான் உண்டு!

முகம் அச்சு அசல் மான்டி. மற்றதில்தான் வில்லங்கம். மான்டி மது தொடாதவர், சிகரெட்டும் கிடையாது. ஜேம்ஸுக்கோ இரண்டுமே ஆத்ம நண்பர்கள்! போதாக்குறைக்கு, முதல் உலகப் போரில் அவருடைய வலது கை நடுவிரல் போயிருந்தது. சல்யூட் அடிக்கிற கை ஆயிற்றே? செயற்கை விரல் ஒன்று செய்து மாட்டினார்கள். விரலை மாட்டிவிடலாம், அந்தக் கை பாட்டில் பக்கம் போகாமல் இருக்க என்ன மாட்டுவது?

மே மாதக் கடைசி. ஜிப்ரால்டரில் விமானத்திலிருந்து கறுப்புத் தொப்பியோடு கம்பீரமாக இறங்கினார் டூப் மான்டி. கவர்னர் ஈஸ்ட்வுட், நிஜ மான்டியின் பழைய சிநேகிதர். அவரும் ஓடிவந்து கைகுலுக்கி, ஜேம்ஸுக்குச் சளைக்காமல் நடித்தார். ஒற்றர்கள் காதில் விழட்டும் என்று 'ராணுவ ரகசியம்' தாராளமாகப் பேசப்பட்டது. அடுத்து அல்ஜியர்ஸில் இன்னொரு ஷோ. ஜெர்மன் தலைமையோ இதற்காகப் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. தியேட்டர் ஹவுஸ்ஃபுல், விசில் மட்டும் வரவில்லை!

போர் முடிந்ததும் ஜேம்ஸுக்கு நடிக்க வாய்ப்பே இல்லை. ஜெனரலாக சல்யூட் வாங்கியவர், வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் போய் நின்றார். அப்புறம் தன் கதையைப் புத்தகமாக எழுதி, 1958-ல் அது 'ஐ வாஸ் மான்டிஸ் டபுள்' என்று படமானபோது, ஜேம்ஸாகவும் மான்டியாகவும் அவரே டபுள் ஆக்ட் கொடுத்தார்.

படத்தின் கிளைமாக்ஸில் ஜெர்மானியர்கள் அவரை நிஜ மான்டி என்று நம்பிக் கடத்தப் பார்க்கிறார்கள். சுத்தக் கப்சா! ஆனாலும், எதிரி தராத மரியாதையை அந்தத் திரைக்கதாசிரியராவது தந்தாரே!