சொல்லாக்கர்

சொல்லாக்கர் முழுவீச்சில் இயங்கத் தொடங்குவது பெரும்பாலும் ஓய்வுபெற்ற பிறகுதான். அதுவரை கோப்புகளுக்குள் அடங்கிக் கிடந்த ஆற்றல், முதல் ஓய்வூதியம் வந்த மாதமே வீட்டிலுள்ள மிக்சி, குக்கர், கீசர் ஆகியவற்றின் மேல் பாய்கிறது. சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். அன்றைய விளைச்சல் அதில் ஏறும்.

சொல்லை ஆக்கிக் குறிப்பேட்டில் பூட்டிவைத்தால் யாருக்கும் தொல்லையில்லை. அவர் அதை வெள்ளோட்டம் விடுவார். அதற்குத் தேர்ந்தெடுப்பவர்களும் தப்பி ஓட முடியாதவர்கள்: கத்தரியைக் கையில் பிடித்திருக்கும் முடிதிருத்துநர், டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் நடத்துநர், மருமகள். காபிக்குப் பதில் குளம்பி கேட்டவருக்குக் குழம்பு வந்த கதை எல்லாரும் கேட்டுச் சலித்தது; அதை விட்டுவிடலாம். அவருடைய முறை நன்றாக விளங்குவது செல்போன் கடையில்.

"தம்பி, ஒரு மின்னேற்றி குடுப்பா."

"எமர்ஜென்சி லைட்டா சார்?"

"மின்னேற்றி."

சார்ஜர்கள் கண்ணெதிரே கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. சொல்லாக்கர் கைகாட்ட மாட்டார். காட்டினால் சொல் தோற்றுப்போகும். பையன் பேட்டரி, ஹெட்போன், மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். அவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தமிழ்ப்பெயர் இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு கிளைப்பாடமாகிறது. ரீசார்ஜுக்கு நிற்பவர்களின் வரிசை வாசற்படியைத் தாண்டுகிறது. கடைசியில் அவர்களில் ஒருவர், "சார்ஜர்தாம்ப்பா கேக்குறாரு" என்று காட்டிக்கொடுத்துவிடுகிறார். பையன் எடுத்துக் கொடுக்கிறான். சொல்லாக்கர் விடுவதில்லை.

"இனிமே இதை என்னன்னு சொல்லுவே?"

"நூத்தம்பது ரூவா சார்."

அடுத்தமுறை அவர் தெருமுனையில் திரும்பும்போதே, "அண்ணே, மின்னேற்றி வர்றாரு" என்று உள்ளே குரல் போகும். ஆக, சொல் வழக்கிற்கு வந்துவிட்டது. பொருள்தான் சற்று மாறிவிட்டது. சொல்லாக்கர் அதையும் வெற்றிக்கணக்கில் எழுதிக்கொள்வார். (இந்த மின்னேற்றியைத் தாமே ஆக்கியதாகச் சொல்பவர் ஊருக்கு ஒருவர் உண்டு.)

வீட்டில் நிலைமை வேறு. அங்கே சொல் தோற்பதற்கு அவரே காரணம். மிக்சியை 'அரைப்பான்' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கி, "என்னங்க, அரைப்பான் ஓடல" என்று மனைவியின் வாயில் அது வந்துசேர்ந்த வாரமே, அச்சொல் கிரைண்டரையும் குறித்துவிடும் அபாயத்தை அவர் கண்டுபிடிப்பார். 'விரைவரைப்பான்' என்று திருத்தம் வெளியாகும். அம்மையார் அன்றே மிக்சிக்குத் திரும்பிவிடுவார்.

சிரிக்க முடியாத இடமும் ஒன்றுண்டு. வீட்டில் மாமியாருக்கு மூச்சு இளைக்கிறது. மருந்துக்கடைக்கு ஓடியவர் அங்கே நின்றுகொண்டு 'மூச்சிழுப்பி' கேட்கிறார். இன்ஹேலர் என்று சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்ல மாட்டார். கடைக்காரர் விழிக்க, இவர் பகுதி விகுதி பிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் அந்த அம்மாள் நெஞ்சைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இது மொழிப்பற்று அன்று. அடுத்தவர் மூச்சை வைத்து ஆடும் ஆட்டம்.

சொல்லாக்கரின் எதிரி ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு உண்மையில் ஆகாதவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு சொல்லாக்கர். செல்பேசியா, கைப்பேசியா, அலைபேசியா என்று இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஊர் 'போன்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. கணிப்பொறி, கணனி, கணினி வழக்கும் இத்தகையதே. அதில் கணினி ஒருவாறு வென்றதில் பாடநூல்களுக்கும் பங்குண்டு.

இருந்தாலும் சொல்லாக்கரின் மரபு எளியதன்று. தனித்தமிழ் இயக்கம் தோன்றிய 1916-இலேயே இராஜாஜியும் சேலத்தில் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் நடத்தினார். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். பெயரிலேயே அடுத்த தலைமுறைச் சொல்லாக்கர்களுக்கு வேலை வைத்திருந்தார்கள். தனித்தமிழுக்காக வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவரைப் பார்த்தும் அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் விவாகம் திருமணமானதும், நமஸ்காரம் வணக்கமானதும், மேடையில் அக்கிராசனர் தலைவரானதும் அத்தகைய பிடிவாதக்காரர்களால்தான். இன்று மின்னேற்றிக்குச் சிரிக்கிறவர்கள் தம் வீட்டுப் பத்திரிகையில் 'திருமண அழைப்பிதழ்' என்றே அச்சிடுகிறார்கள்.

அச்சொற்கள் பரவிய வழி வேறு. மேடை, பாடப்புத்தகம், செய்தித்தாளின் தலைப்பு, அரசு அலுவலகப் படிவம் ஆகியவை அவற்றைச் சுமந்து சென்றன. 'பேருந்து நிலையம்' என்று பலகையில் படித்துக்கொண்டே மக்கள் 'பஸ் ஸ்டாண்டு எங்கே' என்று கேட்கிறார்கள். இரண்டும் சண்டையின்றி வாழ்கின்றன. ஆக்கியவர் பெயரும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. சொல்லாக்கரால் தாங்க முடியாதது இந்தக் கடைசிச் செய்திதான். தம் சொல் ஊரெங்கும் புழங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தம் இனிஷியலோடு புழங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

தற்காலத்தில் சொல்லாக்கர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கூடுகிறார்கள். குழுவுக்குள் அதன் பெயர் புலனம். அங்கே சொல் கொடுப்பவர்களே எல்லாரும், வாங்கிக்கொள்ள ஆளில்லை. இப்போது ஏர் ஃப்ரையருக்கு நான்கு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. முன்மொழிந்த நால்வரும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் அனுப்புவதை நிறுத்தியிருக்கிறார்கள்.