கேளம்பாக்கத்து டெல்லிக்காரர்

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரையும் படூரையும் கடந்து கேளம்பாக்கம் வந்து சேருகிற வழிப்போக்கர் ஒருவர், இருபுறமும் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை அண்ணாந்து பார்த்து, இவற்றிலெல்லாம் சிறுசேரியில் கணிப்பொறி உத்தியோகம் பார்க்கும் இளம் தம்பதிகளே வாசம் செய்கிறார்கள் என்று முடிவு கட்டுவாரானால், அவர் காலை ஐந்தரை மணிக்கு அந்தப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். அந்த வேளையில் இளம் தம்பதிகள் நித்திரை வசத்தில் இருப்பார்கள். தெரு நாய்களை உத்தேசித்துக் கையில் ஒரு பிரம்பும், காலில் வெள்ளைக் கான்வாஸ் ஜோடும் தரித்து, குடியரசு தின அணிவகுப்பின் மரியாதையை ஏற்றுக்கொள்ளும் தோரணையில் உள்வீதியைச் சுற்றி வரும் ஒரு பெரியவரே அப்போது அவ்விடத்துக்கு ஏகச் சக்கராதிபதி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாசற்கதவுப் பலகையில் இருக்கிறது. பால்காரர் முதல் சங்கக் காரியதரிசி வரை அவரை அழைப்பது என்னவோ ‘டெல்லி சார்’ என்றுதான். அந்தப் பெயர் தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. ‘டெல்லி சார் இருக்காரா?’ என்று யாராவது குரல் கொடுத்தால் மூன்றாவது மாடி ஜன்னல் உடனே திறப்பதும் உண்டு. இப்படிப்பட்ட பிரகிருதிகள் நாலைந்து பேரை நான் அறிவேன். ஒருவரைப் பற்றி எழுதினால் மற்றவர்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயத்தினால் எல்லோரையும் ஒருவராக்கிச் சொல்லுகிறேன்.

இவருடைய வர்க்கத்துக்குப் புராதனமான சரித்திரம் உண்டு. 1911-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதென்று தீர்மானித்த பிறகு, கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் டெல்லி என்று பைல் கட்டுகளுடன் வருஷந்தோறும் மலை ஏறி இறங்கிய குமாஸ்தாப் பரிவாரத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளின் படிப்பை உத்தேசித்து 1923-ல் தோன்றிய மதராஸிக் கல்விச் சங்கத்தின் பள்ளிக்கூடமும், சர்க்காரின் பின்னாலேயே தானும் மலை ஏறி இறங்கியது. இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் ஏழு பள்ளிகளாக விரிந்திருப்பது அதுவேதான். ஆகவே தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி அவிழ்க்கும் வித்தை நம் கதாநாயகருக்கு முன்னோர் வழியில் வந்த சொத்து என்று கொள்ளலாம். எண்பதுகளின் நடுவில், தட்டெழுத்து ஹையர் தேறிய சான்றிதழுடனும் ஒரு டிரங்குப் பெட்டியுடனும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிய அவர், சுமார் 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கி, கரோல்பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் குடிபுகுந்து, பிற்பாடு ராமகிருஷ்ணபுரம் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்கு உயர்ந்து, அண்டர் செக்ரட்டரியாக அறுபது வயதில் மாலை மரியாதையுடன் வெளியே வந்தார்.

அத்தனை வருஷமும் அவருடைய சம்பளம் டெல்லியில் விழுந்ததே தவிர, மனம் கும்பகோணத்தைவிட்டு நகரவில்லை. சர்வீஸ் புஸ்தகத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கார் தரும் பயணச் சலுகையில் குடும்ப சமேதராய் வந்து போவார். வருவது பள்ளிக்கூட விடுமுறையில். தங்குவது உறவினர் வீடுகளில். ஒவ்வொரு வீட்டிலும் இலை போட்டு உபசாரம் நடக்கும். இதன் விளைவாக, தமிழ்நாடு என்பது போய் உட்கார்ந்தவுடன் யாராவது காப்பி கொண்டுவந்து கொடுக்கும் தேசம் என்கிற அபிப்பிராயம் அவருக்குள் வேரூன்றிவிட்டது. ஜனவரி மாதத்து விடியற்காலையில், உஷ்ணமானி நாலு டிகிரியைக் காட்ட, எதிரே வருகிறவர் முகம் தெரியாத மூடுபனியில் பால் பூத்துக்கு நடந்துகொண்டே, “நம்ம பக்கத்துல இப்போ சுகமா இருக்கும்” என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

கடைசியில் அவரைத் தெற்கே துரத்தியது பனியல்ல, புகை. தீபாவளியை ஒட்டி வயல்களில் தாள் கொளுத்தும் புகையும் வாகனப் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து டெல்லி நகரத்தின்மேல் கவிகிற அந்தப் பருவத்தில் அவருடைய இருமல் தை மாதம் வரை நீடிக்கத் தொடங்கவே, கடற்காற்று உத்தமம் என்று வைத்தியர் சொன்னார். சிறுசேரியில் உத்தியோகம் பார்த்த பிள்ளை கேளம்பாக்கத்தில் கடனுக்கு வாங்கிப்போட்டிருந்த வீடு ஒன்று தயாராகவும் இருந்தது. பெற்றோர் வந்து சேருவதற்குள் அந்தப் பிள்ளை உத்தியோக நிமித்தம் டொராண்டோவுக்குப் போய்விட்டான் என்பது வேறு விஷயம். குடும்பத்துக்கு வாய்த்த குளிர் மொத்தத்தில் குறையவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

ஓய்வுபெறும் உத்தியோகஸ்தர் குடியேறப் போகும் ஊருக்கு இத்தனை ஆயிரம் கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம், செலவு சர்க்காருடையது என்று விதி இருக்கிறது. விதி கொடுக்கும் சலுகையில் ஒரு கிலோவைக்கூட விட்டுக்கொடுப்பது அண்டர் செக்ரட்டரி ஸ்தானத்துக்கு இழுக்கு. எனவே பஞ்சடைத்த ரஜாய்களும், லூதியானா ஸ்வெட்டர்களும், குரங்குக் குல்லாய்களும், இரண்டு ஹீட்டர்களும், உள்ளே பெட்டி வைத்த கட்டில்களும், ஆளுயரத் தகர கூலர் ஒன்றும் லாரியில் ஏறின.

“கேளம்பாக்கத்துல ஹீட்டர் எதுக்குங்க?” என்று அம்மாள் கேட்டாள்.

“எண்டைட்டில்மென்ட் இருக்கு. வந்துட்டுப் போகட்டும்” என்றார் இவர்.

அந்த லாரி நேராக வந்து சேர்ந்த இடம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறந்தது முதல், கேளம்பாக்கத்துக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டாரும் சமையல்காரரும் கிளாம்பாக்கத்தில் இறங்கித் தவிப்பது இந்த வட்டாரத்தில் சகஜமாகிவிட்டது. வண்டலூர் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் போல் தள்ளி, ஆயிரக்கணக்கான பிரயாணிகளுக்கு நடுவே ரஜாய் மூட்டைகளுடன் நின்றுகொண்டு, ‘சி பிளாக் எங்கே?’ என்று ஹரியானா டிரைவர் போனில் விசாரிக்க, வீட்டு வாசலில் நின்றபடி டெல்லி சார் ஹிந்தியில் போட்ட கூச்சல்தான் குடியிருப்பு வாசிகளுக்கு அவர் செய்துகொண்ட முதல் அறிமுகம்.

அந்தக் கூலரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். டெல்லியின் மே மாதக் காற்று நாற்பத்தைந்து டிகிரியில் அனலாய் வீசினாலும், ஈரம் என்பது அதற்கு நாமமாத்திரமாகவே உண்டு. மூன்று பக்கமும் தட்டியடைத்த தகரப் பெட்டிக்குள் நீரைச் சொட்டவிட்டு விசிறியால் இழுத்தால், தண்ணீரைக் குடிக்கிற தாகத்தில் அந்தக் காற்று தன் உஷ்ணத்தைப் பறிகொடுத்துவிட்டுக் குளிர்ந்து வரும். நமது கடற்கரைக் காற்றோ வங்காள விரிகுடாவிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவது. அதற்கு மேலும் தண்ணீரை ஊட்டினால் உபசாரமாக இருக்குமே தவிரக் குளிர்ச்சியாக இராது. இந்தப் பௌதிக உண்மையைப் பக்கத்து வீட்டுப் பொறியாளர் பக்குவமாக எடுத்துச் சொன்னபோது டெல்லி சார் ஒரு புன்னகை செய்தார். பிறகு கூலரை ஓட்டினார். முதல் நாள் அப்பளம் நமத்தது. மறுநாள் உப்பு ஜாடியில் உப்பு நீராயிற்று. தீப்பெட்டி உரச மறுத்தது. மூன்றாம் நாள் மெத்தை விரிப்பைப் பிழியலாம் போல் இருந்தது. அவர் தளரவில்லை. தட்டி சரியில்லை என்று அதைக் கழற்றிவிட்டு வெட்டிவேர்த் தட்டி போட்டார். இப்போது வீடு முழுவதும் ஈரத்தோடு வாசனையும் சேர்ந்தது. ஜன்னல் தெற்கே இருப்பதுதான் கோளாறு என்று கிழக்கே மாற்றினார். ‘இது மெஷினுடைய குற்றமில்லை, இங்கே காற்று தரமாக இல்லை’ என்று சங்கக் கூட்டத்தில் அறிக்கை சமர்ப்பித்த பிறகே கூலர் பால்கனிக்குப் போயிற்று. மூன்று பக்கமும் காற்றோட்டமான பாத்திரம் வேறு எங்கே கிடைக்கும் என்று அம்மாள் அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள்.

இந்த அம்மாளின் சாமர்த்தியத்தைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரப் பெண்மணியிடம், சைவக் குடும்பமாய் இருந்தும், ஊர் வர்த்தமானம் அனைத்தையும் அவள் பத்தே நாளில் தெரிந்துகொண்டாள். தண்ணீர் லாரி என்றைக்கு வரும், கடற்காற்று மத்தியான்னம் எத்தனை மணிக்குத் திரும்பும், அது திரும்பத் தாமதித்தால் அன்று சமையலை எத்தனை மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டெல்லி சாரோ ஜூலை பிறந்ததும் குடையைத் தட்டி வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தார். டெல்லியில் ஜூன் கடைசியில் வருகிற மழை இங்கே ஐப்பசிக்குத்தான் மனம் வைக்கும் என்பதைச் சர்க்கார் ஒழுங்கீனமாகவே அவர் கருதுகிறார். பட்டாணி, சிவப்புக் காரட், லங்கடா மாம்பழம் ஆகியவற்றின் பிரிவாற்றாமை பற்றி அவர் பேசத் தொடங்கினால் கேட்பவர் கண்ணில் நீர் வரும். எழுந்து போக முடியவில்லையே என்பதால்.

தெய்வ விஷயத்திலும் இதே நிலைமைதான். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-ல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரில் கிருத்திகை தவறாமல் நின்றவர், கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸேறினால் எட்டிவிடும் திருப்போரூர்க் கந்தசாமியைத் தரிசித்துவிட்டு வந்து, ஸ்வாமி பனைமரத் திருமேனி என்பதையும், அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது என்பதையும் சிலாகித்துச் சொல்லி, “ஆனாலும் நம்ம மலை மந்திர் மாதிரி வராது” என்று முடித்தார். முருகனை வடக்கே கொண்டுபோய் வைத்தவர்கள் தெற்கே இருப்பவனை நினைத்துத்தான் வைத்தார்கள் என்பதை அவருக்கு யார் சொல்லுவது?

பனிக்காலம் வந்தது. கேளம்பாக்கத்து உப்பளங்களிலும் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் இமயத்துக்கு அப்பாலிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கின. அவை சாமான் எதுவும் கொண்டுவருவதில்லை, வெயில் ஏறினால் சொல்லாமல் திரும்பிப் போய்விடுகின்றன என்பதை டெல்லி சார் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அந்த முதல் மார்கழியில், இருபத்திரண்டு டிகிரிக்குக் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடந்த உள்ளூர்க்காரர்களைப் பார்த்து அவர் செய்த பரிகாசம் கொஞ்சநஞ்சமல்ல. “இதுக்கேவா? எங்க டெல்லியில...” என்று தொடங்கி, அரைக்கைப் பனியனோடு மூன்று சுற்று அதிகமாகவே நடந்து காட்டினார். மறுவருஷ மார்கழியில் பனியனுக்கு மேல் சட்டை வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அவரைக் குரங்குக் குல்லாயுடன் கண்டவர்கள், பதவிசாக ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிப் போனார்கள். ரஜாயும் இறங்கிவிட்டது என்று மீன்காரப் பெண்மணி மூலம் தகவல்.

இத்தனை விநோதங்களுக்கும் சிகரம் அவருடைய ஹிந்திதான். டெல்லியில் அவர் அதைச் சரளமாகவே பேசுவார். ஆனால் ஆண்பால் பெண்பால் மாத்திரம் வாழ்நாள் முழுவதும் அவருக்குப் பிடிபடவில்லை. பஸ் பெண்ணா, தயிர் ஆணா என்கிற வழக்கில் கரோல்பாக் கறிகாய்க்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான், ஓய்வுபெற்றதும் தமிழ் மாத்திரமே பேசும் இடத்துக்குப் போய்விடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டார். அப்படி வந்த இடத்தில், வாயிற்காவலர் ஒடிசா, வர்ணமடிப்பவர் பீகார், முடிதிருத்துபவர் உத்தரப் பிரதேசம், ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் அசாம். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் லிப்ட் நின்றாலும், குடியிருப்பே அவர் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியது. ஹிந்தியை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவர் ஹிந்தியினாலேயே சங்கத் தலைவரானார். தவறு கண்டுபிடிக்க ஆளில்லாத இடத்தில் அவருடைய ஹிந்தி கட்டவிழ்ந்து பெருகிற்று. வாயிலில் நாற்காலி போட்டுக்கொண்டு காலையும் மாலையும் காவலர்களுக்கு உபதேசம் நடந்தது.

சென்ற மாதம் ஒரு நாள் அந்த உபதேசத்தின் விஷயம், தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வருகிறவர்கள் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டியதன் அவசியம். அரை மணி நேரம் அவர் அதை ஹிந்தியில் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த காலாஹண்டி ஜில்லா வாலிபன் கடைசியில் தமிழிலேயே பதில் சொன்னான்:

“தமிழ் நல்லா வரும் சார். முன்னாடி படூர் டீக்கடைல எட்டு மாசம் இருந்தேன்ல?”

டெல்லி சார் திடுக்கிட்டு, “அப்போ ஏண்டா எங்கிட்ட இத்தனை நாள் ஹிந்தியிலேயே பேசின?” என்றார்.

“நீங்க வேற எதுவும் பேச மாட்டேங்கறீங்களே சார். எங்க வீட்டுல ஒடியாதான். ஹிந்தி எனக்கு அவ்வளவா வராது. இங்க வேலைக்குச் சேர்ந்தப்புறம் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்” என்ற அந்தப் பையன், சற்றுத் தயங்கி, “போன வாரம் டெல்லியில இருக்கிற மச்சான்கிட்ட போன்ல பேசினேன் சார். நீ என்னடா மதராஸி மாதிரி ஹிந்தி பேசறேன்னு சிரிக்கிறான்” என்றான்.