தீட்டாவும் நல்லெண்ணெயும்

சிவகாசியில் பிறந்தவனுக்கு ஒரு ராக்கெட்டைக் கிளப்பத் தெரியவில்லை என்றால் ஊரில் தலைகாட்ட முடியுமா? நான் கிளப்பத் தவறியது திரி வைத்த ராக்கெட் இல்லை. மதுரையில் ஒரு மையத்தின் ஏசி அறையில், கணினித் திரையில் நின்ற ராக்கெட். அதற்குத் தீப்பெட்டி வேண்டாம், காலி பாட்டில் வேண்டாம், ஓடிப்போய்த் தள்ளி நிற்கவும் வேண்டாம். மனசு ஓரிடத்தில் நின்றால் போதும், அதுவாக மேலே போகும் என்றார் அங்கிருந்த உளவியலாளர். மகள் வயசுப் பெண், பொறுமைசாலி. ராக்கெட் அதைவிடப் பொறுமைசாலியாக இருந்தது. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நான் காலண்டர் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்ப்பவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியாகும் என்பதால், ஊர் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் வரப்போகும் வருஷத்தின் மார்கழிக்குப் போய்விடுவோம். தினசரித் தாளில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சூலம் என்று ஏகப்பட்ட பொடி எழுத்து. ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறிக் கிடந்தன. 3 முதல் 4.30 என்று இருக்க வேண்டிய ராகுகாலம் காலை 9 மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தது. பார்த்து, சரி என்று கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தேன். இரண்டுமே ஆகாத நேரம்தானே, மாறியதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று முதலாளியிடம் வாதாடிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஒரு பார்ட்டியின் ஜவுளிக்கடைப் பெயரில் ஒரு துணைக்கால் விழுந்துவிட்டது. அதற்கு வாதமே கிடைக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு ஏடிஎச்டி இருக்கு" என்றான் அக்கா மகன். பெங்களூரில் வேலை பார்ப்பவன். அந்த ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்தால் பால்கோவா வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நமக்கு ஒரு வியாதியின் பெயரைத் தந்துவிட்டுப் போவார்கள். அவன்தான் நியூரோஃபீட்பேக் என்ற வார்த்தையையும் தந்தான். தலையில் மின்முனை ஒட்டி, மூளை அலையை அந்த நிமிஷமே திரையில் காட்டுவார்கள். வேண்டிய அலை கூடினால் படம் ஓடும், மணி அடிக்கும். கூடாவிட்டால் நிற்கும். மூளை தானாகவே கற்றுக்கொள்ளும். மாத்திரை கிடையாது. கடைசிச் சொல்லில்தான் நான் விழுந்தேன். மாத்திரை என்றால் வேளை தவறாமல் போட ஞாபகம் வேண்டும்.

எதையும் படிக்காமல் பணம் கட்டுகிறவன் நான் இல்லை. பாதி படித்துவிட்டுத்தான் கட்டுவேன். மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்னலையை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924இல், வெளியிட்டது 1929இல். ஐந்து வருஷம் தன் புரூஃபைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார் மனிதர். நானாக இருந்தால் மறுநாளே அச்சுக்கு அனுப்பியிருப்பேன். பிறகு சிகாகோவில் ஜோ காமியா என்பவர், கண்ணை மூடி உட்கார்ந்தவர்களிடம் மணியடித்து, "இப்போது ஆல்ஃபா அலை ஓடுகிறதா, இல்லையா?" என்று கேட்டு, சொன்னது சரியா தப்பா என்று உடனுக்குடன் சொல்லிவந்தார். பலர் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். தன் மண்டைக்குள் நடப்பதை மனிதன் மோப்பம் பிடிக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என்னைக் கவிழ்த்தது பூனைக் கதை. கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்பவர் 1960களில், விநாடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கும் ஓர் அலையை மூளையில் வரவழைத்தால் பால் கிடைக்கும் என்று பூனைகளைப் பழக்கினார். வேறொரு வேலையாக, மானோமீத்தைல் ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளின் நச்சைப் பரிசோதிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்த நச்சு ஏறினால் வலிப்பு வரும். பழக்கப்பட்ட பூனைகளுக்கு மட்டும் வலிப்பு எளிதில் வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வலிப்பு நோயுள்ள ஓர் இளம்பெண்ணுக்கு அதே பயிற்சியைக் கொடுத்து, 1972இல் கட்டுரை எழுதினார். இந்த வைத்தியத்தின் ஆதியிலேயே ராக்கெட் மருந்து இருக்கிறது! சிவகாசிக்காரனுக்கு இதைவிட ஜாதகப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன்.

முதல் அமர்வு சனிக்கிழமை. சனி நீராடு என்று சொல்லியிருக்கிறார்களே என்று, விசேஷ காரியத்துக்குப் போகிறவன் மாதிரி உச்சி குளிர நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயைப் பேருக்குக் காட்டிக் குளித்துவிட்டுப் போனேன். அந்தப் பெண் உச்சந்தலையில் ஒரு மின்முனையை ஒட்டினார். வழுக்கியது. பசையைக் கூட்டி ஒட்டினார். மறுபடி வழுக்கியது. மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால்தான் பதிவு சுத்தமாக இருக்கும். என் தலையில் அவருடைய மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்ல அவருக்கே கூச்சம். ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துப் பஞ்சு மஞ்சளானதுதான் மிச்சம். "எண்ணெய் வைக்காம வரணும்னு மெசேஜ் அனுப்பியிருந்தோமே சார்?" அனுப்பியிருந்தார்கள். கவனமாகப் படிக்க முடியாததால்தானே அம்மா நான் வந்திருக்கிறேன்.

அடுத்த முறை காய்ந்த தலையோடு போனேன். உச்சியில் ஒன்று, காதுகளில் இரண்டு கிளிப். அதில் ஒன்று எர்த். திரையில் மூன்று பட்டைகள். மந்தமாகக் கனவில் மிதக்கும்போது கூடும் தீட்டா கீழே இறங்க வேண்டும். விழிப்பாக வேலை செய்யும்போது கூடும் பீட்டா மேலே ஏற வேண்டும். தாடை இறுகினாலும் தலை ஆடினாலும் துள்ளுகிற மூன்றாவது பட்டை அடங்கிக் கிடக்க வேண்டும். மூன்றும் ஒருசேர அமைந்தால் ராக்கெட் கிளம்பும். "முயற்சி பண்ணாதீங்க சார், சும்மா பாருங்க" என்றார். சும்மா பார்க்கத் தீவிரமாக முயற்சி செய்தேன். முருகனை நினைத்தேன். பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். மாட்டுத்தாவணியில் கடைசி சிவகாசி பஸ் எத்தனை மணிக்கு என்று நினைத்தேன். தீட்டா குஷியாக ஏறியது.

பிறகு ஒரு நாள் யதேச்சையாகப் பல்லைக் கடித்தபோது ராக்கெட் ஒரு சாண் எழும்பியது. தாடைத் தசையின் மின்சாரம் பீட்டா மாதிரியே வேஷம் போடும் என்று எனக்கு அப்போது தெரியாது. குறுக்கு வழி கிடைத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. மூன்றாவது பட்டை துள்ளாத அளவுக்கு, பட்டும் படாமல் கடிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு வேண்டியிருந்த கூர்மையைப் புரூஃபில் காட்டியிருந்தால் இந்நேரம் போர்மேன் ஆகியிருப்பேன். ராக்கெட் மேகத்தைத் தொட்டது, நிலாவைத் தாண்டியது. மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அந்தப் பெண் மட்டும் அலைக்கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சார், பல்வலியா?" என்று கேட்டார். சொந்த மூளையின் பரீட்சையில், தானே தேர்வெழுதி, தானே காப்பியடித்து, பிடிபட்டவன் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பரிகாரமாக, "கண்ணை மூடுங்க, ஆல்ஃபாவையாவது பாத்துக்கலாம்" என்றார். கண்ணை மூடியதும் ஆல்ஃபா அழகாக எழும்பியதாம். பெர்கர் கண்டது அதைத்தான்; கண்ணை மூடினால் அநேகமாக எவனுக்கும் வரும். எனக்குக் கூடவே குறட்டையும் வந்தது.

மீதிப் பாதியைப் படித்தது இதற்குப் பிறகுதான். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஜமுனா ராஜேஸ்வரனும் அவர் குழுவினரும் தலையில் காயம் பட்டவர்களுக்கு இந்தப் பயிற்சியை 20 அமர்வு வீதம் கொடுத்து, ஞாபகசக்தி தேறியதாக எழுதியிருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டுப் பெயர்கூட மறந்தவர்களுக்கான ஏற்பாடு. நான் மறந்தது ஒரு ஜவுளிக்கடையின் ஒரு கால். என் ரகத்துக்காரர்களுக்கு நடந்த சோதனை வேறு. 2021இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவுள்ள 140க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நிஜப் பயிற்சி. மறு கூட்டத்துக்கு, ஏற்கெனவே பதிந்துவைத்த வேறொரு பிள்ளையின் மூளை அலையை ஓட்டி, உன்னுடையதுதான் என்று காட்டினார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு கூட்டமும் தேறியது, ஏறத்தாழ ஒரே அளவுக்கு. பின்னால் 38 சோதனைகளைச் சேர்த்து அலசியவர்களும், எது நிஜம் என்று தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்தால் சொல்லும்படி பலன் இல்லை என்றே எழுதினார்கள். வாரம் தவறாமல் ஓரிடத்தில் உட்காருவது, ஒருவர் நம்மையே அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பது, இவற்றுக்கே பாதி குணம் உண்டு போலிருக்கிறது. எனக்கு அந்தப் பாதியும் கிட்டவில்லை. பாசாங்குப் பயிற்சியில் இருந்திருந்தாலாவது, எங்கோ ஒரு சமர்த்துப் பிள்ளையின் மூளை என் ராக்கெட்டை ஏற்றியிருக்கும்.

இந்த ஞானத்தோடு சும்மா இருந்திருக்கலாம். கவனம் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அக்கா பட்டாசு ஆலையில் பல வருஷம் திரி வைத்தவள். அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும், அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, இரும்புச் சாமான் ஆகாது. கொஞ்சம் உராய்ந்தால் என்ன ஆகும் என்பது மறுநாள் பேப்பரில் வரும். என் காதில் மாட்டிய எர்த் கிளிப்பையும் அந்தச் செம்புத் தகட்டையும் சேர்த்து முதல் பத்தியை அமர்க்களமாகத் தொடங்கியிருந்தேன். மருந்துக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களின் கவனம் முனிவர்களின் தவம் என்று போட்டு, அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தவமா? நாங்க சீரியல் கதை பேசிக்கிட்டேல்லடா வைப்போம்" என்றாள். "கை பாட்டுக்குப் போகும். கைய உத்துப் பாத்தா வேல ஓடாது. பீஸ் ரேட்டுடா அது. பயந்துக்கிட்டே வச்சா கை நடுங்கும். நடுங்குறவள ஃபோர்மேன் வெளிய அனுப்பிருவாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதாச்சும் சத்தம் கேட்டா மட்டும் எல்லாரும் ஒரே நேரத்துல வாய மூடுவோம்" என்றாள். கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

டீக்கடை அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லத்தான் உண்மையிலேயே கூசுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உதவப் போனவர்களும் அதில் உண்டு. அண்ணாச்சி அன்றைக்கு உதவப் போய் உயிரோடு திரும்பியவர். இன்றும் டம்ளர் விழுந்தால் தூக்கிப்போடும் அவருக்கு. தீபாவளி ராத்திரி கதவைச் சாத்திக்கொள்வார், அதுவும் சிவகாசியில். விபத்து நடந்தால் நிவாரணத் தொகை அறிவிப்பார்கள், உரிமத்தை ரத்து செய்வார்கள். தூக்கம் போனவர்களின் கணக்கை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அவரிடம் போய் ஆல்ஃபா, பீட்டா, பூனை என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மூளையை நாமே பழக்கிவிடலாம் அண்ணாச்சி என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார்.

"நல்லதுதான் தம்பி. உங்களுக்குச் சரியாயிருச்சா?"

காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். டீயைக் குடிக்க மறந்துவிட்டேன். மனநல உதவிக்கென்றே 14416 என்று டெலிமானஸ் எண் ஒன்று இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசும் கிடையாது. அதைச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. போய்ச் சொன்னேன். சிலேட்டில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

மதுரைக்குப் போவதை விட்டுவிட்டேன். அச்சகத்தில் இப்போது புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, நான் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எல்லா அச்சகத்திலும் அப்படித்தான் பார்த்தார்கள். தப்பு குறைந்திருக்கிறது. முக்கால்வாசியைக் கண்டுபிடிப்பது அந்தப் பையன்.

கட்டிய பணத்தில் அமர்வுகள் பாக்கி கிடந்தன. வீணாக்குவானேன் என்று போன் போட்டு, என் மைத்துனர் மகன் பத்தாவது படிக்கிறான், மீதியை அவன் பேருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"மாத்தலாம் சார்" என்றார் அந்தப் பெண். "ஆனா மூளை மாறுதுல்ல, பேஸ்லைன் புதுசா எடுக்கணும். அதுக்குத் தனி சார்ஜ்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தம்பிகிட்ட எண்ணெய் வைக்க வேணாம்னு நீங்க சொல்ல வேணாம் சார், நானே நேரா போன் பண்ணிச் சொல்லிர்றேன்" என்றார்.