வாங்கத் தெரிந்தவன்

தொண்ணூறுகளில் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் இருந்த வீடியோ கேம் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளிருந்து வரும் ‘டிஷ்யூம்’ சத்தம்தான் விலாசம். வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு மூன்று பெட்டிகளை இறக்கியிருந்தார். ஒரு ரூபாய் போட்டால் ஓர் ஆட்டம். அந்த ஒரு ரூபாய்க்காக நாங்கள் வீட்டில் சொன்ன பொய்களைக் கொட்டியிருந்தால், கடலரிப்பைத் தடுக்க எங்கள் கரையில் தனியாகக் கல் கொட்டியிருக்க வேண்டாம்.

எங்களை அப்படிப் பொய் சொல்ல வைத்த ஆட்டத்தின் நிஜப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அந்தப் பெயரை எங்களில் ஒருவனும் வாயால் சொன்னதில்லை. அதில் இருக்கிற நான்கு ஆட்களில் முஸ்தபா கெய்ரோ என்பவனுக்குத்தான் அடிதடியே நடக்கும் என்பதால், ஆட்டத்துக்கே ‘முஸ்தபா’ என்று பெயர் வைத்துவிட்டோம். 1996-ல் ‘காதல் தேசம்’ வந்து ஊரே முஸ்தபா முஸ்தபா என்று நட்பை நினைத்து உருகியபோது, நாங்கள் அவன் ஓடிவந்து விடுகிற உதையை நினைத்து உருகினோம்.

அந்த உதையில் அப்படி என்ன இருந்தது? முதலில் பட்டனில் இருக்கிறது என்று நினைத்தோம். ஓங்கி அடித்தால் ஓங்கி விழும் என்பது எங்கள் விஞ்ஞானம். கடைக்கார அண்ணன் கல்லாவிலிருந்தே கத்துவார்: “டேய், பட்டன இன்னா உங்கப்பனா வாங்கிக் குட்த்தாரு? மெதுவா தட்றா!” நியாயம்தான். தடவினாலும் குத்தினாலும் பெட்டிக்குத் தெரிவது ஒன்றுதான்: அழுத்தினானா, இல்லையா. ஆனால் எதிரே தடியன் கத்தியோடு வரும்போது மெதுவாகத் தட்டுவது மனிதனால் ஆகிற காரியமா?

விஷயம் வேறு இடத்தில் இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உதை எதிரியின் நெஞ்சில் படுகிற கணத்தில், உதைத்தவனும் வாங்கியவனும் அப்படியே உறைந்து நிற்பார்கள். திரையில் நொடிக்கு அறுபது படம் ஓடுகிறது என்றால், அதில் சில படங்களுக்கு மட்டும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். பிறகுதான் அவன் பறப்பான். தொழில்காரர்கள் இதை ‘ஹிட் ஸ்டாப்’ என்கிறார்கள். இந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால் கால் புகைக்குள் போய்வந்த மாதிரி இருக்கும். அடியில் எடையே இருக்காது. நம் சினிமாக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் கை கொஞ்சம் தாராளம். ஹீரோ குத்துவிட்டதும் வெளியே போய் முறுக்கு வாங்கி வந்து உட்கார்ந்தாலும் வில்லன் இன்னும் காற்றில்தான் இருப்பான்.

இதையெல்லாம் எந்தத் தொழில்நுட்பமும் தெரியாமல் ஒரே பார்வையில் கண்டுபிடித்தவர் எங்கள் ராயபுரத்துத் தாத்தா. வடசென்னையில் குத்துச்சண்டை என்றால் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஆள் பிரிந்து நின்ற காலத்து மனிதர். அந்தச் சண்டைக்கு ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று பெயர். குத்து வெள்ளைக்காரனுடையது, ரோஷம் நம்முடையது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக்காக மோதியதைத் தாத்தா நேரில் பார்த்தவர். ஆனால் அலி விட்ட குத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். “குத்து வுட்றவன பாக்காத. வாங்கறவன் காலப் பாரு. கால் ஆடுச்சுன்னாதான் அது குத்து” என்பார்.

ஒருநாள் என்னைக் காதைப் பிடித்து இழுத்துப்போகக் கடைக்குள் வந்தவர், காதைப் பிடித்தபடியே திரையைப் பார்த்து நின்றுவிட்டார். முஸ்தபா ஒரு தடியனை உதைத்தான். தடியன் நின்றான், துடித்தான், பறந்தான், தரையில் ஒருமுறை எம்பி விழுந்தான். தாத்தாவின் பிடி தளர்ந்தது.

“பரவால்ல. வாங்கறவனுக்கு வாங்கத் தெரியுது.”

பிறகு தன் பையிலிருந்தே ஒரு ரூபாய் எடுத்துப் போட்டார். அரை நிமிடத்தில் செத்தார். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிற பரம்பரையில் அவர் வரவில்லை. “ஒருத்தன் மேல நாலு பேரா? இன்னா ஆட்டம் இது? ரெஃப்ரி எங்க?” என்று அண்ணனிடம் சண்டைக்குப் போனார். அண்ணன் பயந்துபோய் இன்னொரு ஆட்டம் இலவசமாகத் தந்தார். அதை நான் ஆடினேன்.

அந்த உதையின் சுகத்தை நிஜத்தில் பார்த்துவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு முயற்சி நடந்தது. என் கேரம் ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு இல்லையென்று சாதித்த ஒருவனை நோக்கிப் பதினைந்தடி தூரத்திலிருந்து ஓடி, முஸ்தபா மாதிரியே எகிறினேன். அவன் ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டான். அவ்வளவுதான். திரையில் எந்த அடியாளும் இப்படி நன்றிகெட்டத்தனமாக நடந்துகொண்டதில்லை. நான் போய் விழுந்தது நிறுத்தியிருந்த மீன்பாடி வண்டியின் மேல். உறைந்து நின்றவன் நான் ஒருவன்தான். அதுவும் சில படங்களுக்கு அல்ல, வண்டிக்காரர் வந்து தூக்கிவிடும்வரை. மூன்று நாள் என்னைச் சுற்றி நெத்திலி வாடை.

இப்போது அக்கா மகன் வீட்டில் பெரிய திரையில் ஆடுகிறான். 2018-ல் வந்த ‘காட் ஆஃப் வார்’ ஆட்டத்தில் தாடிக்காரன் ஒருவன் கோடாரியை வீசிவிட்டுக் கையை நீட்டுகிறான். எங்கோ போன கோடாரி சுழன்று திரும்பிவந்து உள்ளங்கையில் ‘தொப்’பென்று உட்காருகிறது, கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரும் கூடவே அதிர்கிறது. தாத்தா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். ஆனால் அதே பையன் போனில் இன்னொன்று ஆடுகிறான், அது எனக்குச் சகிக்கவில்லை. சுட்டுத் தள்ளுகிறான்; எதிரி தலைக்கு மேல் 137, 212 என்று எண்கள் கிளம்புகின்றன; எதிரியோ அசையாமல் நடந்து வருகிறான். இது சண்டையா, வட்டிக் கணக்கா?

சொன்னேன். சிரித்தான். சிரித்துவிட்டு எதையோ தட்டித் தேடி, தன் போனிலேயே முஸ்தபாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதே தொப்பி, அதே தடியன்கள், அதே ‘டிஷ்யூம்’. கண்ணாடிக்கு மேல் வட்டமாக ஒரு பொய்ப் பட்டன். ஓடினேன், எகிறினேன், தடியன் நின்று, துடித்து, பறந்தான். அடுத்தவன் கத்தியோடு வந்தான்.

“மாமா, மாமா! மெதுவா தட்டுங்க. ஸ்கிரீன் போயிடும்.”