தேரிக்காட்டு கௌபாய்க்கு ஒரு யோசனை

ஏலே பேராண்டி, தொப்பி நல்லாத்தான் இருக்கு. தேரியில கௌபாய் படம் எடுக்கப் போறேன்னு சொன்னியாமே? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. செம்மண்ணு கெடக்கு, முள்ளு கெடக்கு, வெயிலுக்குப் பஞ்சமில்ல. ஊருக்குப் பேரே சாயர் துரை பேரு. இதுக்கு மேல அமெரிக்கா எதுக்குலே? குதிரை ஒண்ணுதான் குறை. குதிரைமொழித்தேரின்னு பேருல ஒரு குதிரை நிக்குது, அதுல ஏற முடியாது.

ஆனா இந்தா பக்கத்துப் பழையகாயல்ல குதிரை இறங்குன காலமும் உண்டு. எழுநூறு வருசத்துக்கு முந்தி மார்கோ போலோ பாத்து எழுதி வச்சிருக்காரு. அரபு தேசத்துக் கப்பல்ல ஆயிரக்கணக்குல வரும். பாண்டிய ராசாக்கமாரு வாங்குவாவ, பேணத் தெரியாம சாகக் குடுப்பாவ, மறுபடி வாங்குவாவ. அன்னைக்கு அமெரிக்காவுல கௌபாயும் கிடையாது, குதிரையும் கிடையாது.

சரி, ஆளு பொறுக்கணும்லா? சொல்லுதேன், குறிச்சுக்கோ. கதாநாயகனுக்கு வெளுத்த பயலா ஒருத்தனப் பிடி. நம்ம பனையேறி வேண்டாம். காலுல தளைநாரு, இடுப்புல அருவாப்பெட்டி, அதுக்குள்ள இருந்து பாளை அருவா எட்டிப் பாக்கும். வேர்வை பட்டுப் பட்டு அந்தப் பெட்டி கறுத்து மினுங்குறதுக்கு முன்னால எந்தத் துப்பாக்கி உறை நிக்கும்? அதனாலதான் வேண்டாங்கேன், நாயகன் எடுபட மாட்டான். முதல் ரீல்ல சுட்டுத் தள்ள அவன வச்சுக்கோ. நாயகி வடக்க இருந்து வரட்டும். விடிலியில கருப்பட்டி காய்ச்சுத பிள்ளைய கூட்டத்துல நிறுத்து. புகையில கண்ணு தானா செவந்திருக்கும், மேக்கப் செலவு மிச்சம்.

இது என் சொந்தப் புத்தின்னு நெனச்சிராத. எல்லாம் பெரிய இடத்துப் பழக்கம். அமெரிக்காவுல மாடு மேச்சவன்ல நாலுல ஒருத்தன் கறுப்பு ஆளுன்னு சரித்திரக்காரங்க கணக்குச் சொல்லுதாவ. படத்துல தேடிப் பாரு, அடுப்படியிலதான் நிப்பான். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு 1937-ல 'ஹார்லெம் ஆன் த ப்ரெய்ரி'ன்னு கறுப்பு ஆளுகளே நடிச்ச துட்டு கம்மிப் படம் ஒண்ணு வந்துது. நாயகன் ஹெர்ப் ஜெஃப்ரீஸ். 1939-ல 'த ப்ரான்ஸ் பக்கரூ'வும் அவருதான். அவரு நெறம் கொஞ்சம் வெளுப்பாப் போச்சுன்னு மை தடவிக் கறுப்பாக்குனாவளாம்! 1950-ல 'ப்ரோக்கன் ஆரோ'. அதுல அப்பாச்சித் தலைவன் கொச்சீஸா வந்தது ப்ரூக்ளின் யூதப் பையன் ஜெஃப் சாண்ட்லர். ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனாரு. நெசமான பூர்வகுடி ஜே சில்வர்ஹீல்ஸும் அந்தப் படத்துலதான் இருந்தாரு, சின்ன வேசத்துல.

நம்ம ஊரு லேசுப்பட்டதா? கேமரா பிடிச்ச கர்ணன் டைரக்டராகி, ஜெய்சங்கர வச்சு 1970-ல 'காலம் வெல்லும்', 1972-ல 'கங்கா'ன்னு தொப்பியும் துப்பாக்கியுமா எடுத்துத் தள்ளுனாரு. தூத்துக்குடிக் கொட்டகையில முன்வரிசையில இருந்து வாயப் பொளந்து பாத்தவன் நான், குறை சொல்ல மாட்டேன். 'ஜக்கம்மா'ன்னு ஒரு படத்துக்குப் பேரு வச்சாரு பாரு, அங்கதான் மனுசன் நிக்காரு. பாஞ்சாலங்குறிச்சியில கட்டபொம்மன் கும்பிட்ட சாமிலே அது! வாங்குன தொப்பிக்குள்ள நம்ம சாமிய உக்கார வச்சிட்டாரு. உன் கதையில யாருலே சாமி? ஜானா, ஜாக்கா?

2010-ல சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தாரு. லாரன்ஸ் நாயகன். ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னே பேரு, நன்றி மறக்கல. அதுலயும் செவ்விந்தியக் கூட்டம் உண்டு. இந்தியாவத் தேடிப் போன வெள்ளைக்காரன் வழி தவறி, அங்க உள்ளவன இந்தியன்னான். நாம அந்த இந்தியன் வேசத்த இந்தியனுக்கே போட்டு, இறகு சொருகிச் சிரிச்சுட்டோம். நீயும் சொருகு. மயிலிறகு கோயில்ல கெடைக்கும்.

பனையேறிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், முதல் ரீல்ல சாகணும்டான்னு. சரின்னுட்டான். ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்: அருவாப்பெட்டியக் கழத்தி வச்சுட்டுச் சாகணுமா, கட்டிக்கிட்டே சாகலாமா? சாயங்காலம் பாளை சீவ இன்னும் பன்னிரண்டு பனை பாக்கி இருக்காம்.