மூலை மடங்காத ரெக்கார்டு

குளச்சல் கடப்புறத்தை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் பி.எட். படிக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். அவர்கள் வகுப்பெடுப்பதைக் கடைசி பெஞ்சில் இருந்து பார்ப்பதும், ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பாக இருந்தன. அவ்வளவு அழகான நோட்டுகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிரவுன் அட்டை, அதற்கு மேல் கண்ணாடித் தாள், நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, தலைப்புக்கு ஒரு மை, உள்ளே எழுதுவதற்கு ஒரு மை. அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு மூலைகூட மடங்கியிருக்காது. ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்து எழுதிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கண் எரிய எரிய வகுப்பில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச என் நாக்கு எழாது.

அந்த நோட்டுகளைப் பார்த்தால் எனக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வரும். அதில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பேசுகிறாள். பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் வைத்திருந்த வேல்களைப் புகழ்கிறாள். அதியமானின் வேல்கள் நுனி முரிந்து கொல்லன் உலைக்கொட்டிலில் கிடப்பதையும் சொல்கிறாள். வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் நடத்தும் பாட்டு அது. கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தொண்டைமானின் வேல்கள் மெய்யாகவே பளபளத்தன. நானும் கண்ணால் கண்டதையே சொல்கிறேன்.

ரெக்கார்டைப் போலவே பாடத்திட்டமும் நன்றாக இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். ‘சமகால இந்தியாவும் கல்வியும்’ என்று ஒரு தாள் உண்டு. பாலினம், பள்ளி, சமூகம் மூன்றையும் சேர்த்து ஒரு தாள். எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கும் பள்ளியை உருவாக்குவது பற்றி இன்னொன்று. சாதி, மதம், மொழி, ஏழ்மை, உடற்குறை எல்லாம் ஒரு பிள்ளையோடு சேர்ந்தே வகுப்புக்குள் வருகின்றன என்பதை நான் படித்த காலத்தில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வெளிநாட்டிலும் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியக் குடியுரிமை என்ற ஒன்று சட்டமாக நடப்புக்கு வந்தது 1993 நவம்பர் 1ஆம் தேதி. ஒரு நாட்டில் பிறந்த பிள்ளை இன்னொரு நாட்டு வகுப்பறையில் வந்து உட்காரும். அதற்கு ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும் என்று அங்கே கவலைப்பட ஆரம்பித்தார்கள். ஐரோப்பியப் பேரவை 2018இல் சனநாயகப் பண்பாட்டுக்குத் தேவையான 20 திறன்களை நூலாக வெளியிட்டு, ஒரு வண்ணத்துப்பூச்சியைப் போல வரைந்தே காட்டியது. அதற்கு முன்பே, ஊரைப் பிளந்த விஷயங்களை வகுப்பில் எப்படி எடுப்பது என்று ஆசிரியர்களுக்காகத் தனியாக ஒரு பயிற்சி நூலும் போட்டிருந்தது. நெதர்லாந்தில் 2006 முதல் குடிமைக் கல்வி பள்ளிகளின் சட்டக் கடமை. 2021இல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

எங்களுக்கும் ஒரு நவம்பர் 1 உண்டு. 1956இல் அன்றைக்குத்தான் திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்ச் சக்கரத்தில் காசு எண்ணிப் பழகிய என் தாத்தா ஒரே நாளில் இன்னொரு மாநிலத்துக்காரர் ஆனார். இந்த மாவட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்தில் அதுதான் முதலிடம். அதே கணக்கெடுப்பில் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20 சதவீதம். பன்முகத்தன்மையைப் பற்றிப் படிக்க வரும் பயிற்சி ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது என்று நினைத்து, ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்காகக் காத்திருப்பேன்.

அவர்கள் எடுத்த வகுப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக் குடிமையியலில் பன்முகத்தன்மையைப் பற்றிய பாடம். வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். உள்நாட்டுப் பக்கம் ஊர். அவள் கொண்டுவந்த சார்ட்டை இன்றும் மறக்கவில்லை. நடுவில் இந்தியா வரைபடம், ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் சர்ச், ஒரு பக்கம் பள்ளிவாசல், கீழே கோத்த கைகள். தெர்மோகோலில் வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவியிருந்தாள். குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது. கரும்பலகை எழுத்து கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. நாற்பது நிமிடத்தில் பாடத்தை முடித்தாள், ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிள்ளைகள் ஒருவரும் சத்தம் போடவில்லை.

இடையில் ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான். “டீச்சர், வெள்ளம் குடிச்சிட்டு வரட்டா?”

“தண்ணீர்னு சொல்லணும்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான், குடிக்கப் போகவில்லை. குமரி மாவட்டத்தில் குடிக்கிற நீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். அவன் அம்மை சொல்வதும் என் அம்மை சொன்னதும் அதுதான். அன்றைய ரெக்கார்டில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: மாணவரின் மொழிப்பிழை உடனுக்குடன் திருத்தப்பட்டது. உண்மை, அவள் உடனே திருத்தினாள். அந்தப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்காக எத்தனையோ ராத்திரி வருத்தப்பட்டிருக்கிறேன்.

பாடக்குறிப்பில் ‘முன்னறிவு’ என்று ஒரு கட்டம் உண்டு. புதிய பாடத்தைத் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஆசிரியர் அதில் எழுத வேண்டும். இதை யோசித்து வைத்த ஆளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆசிரியர் வேலையின் உயிரே அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. அச்சுப் படிவத்தில் அதற்கு மூன்று வரி இடம். அந்தப் பெண் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இந்தியாவில் பல மதத்தினர் வாழ்கின்றனர் என்பதை மாணவர்கள் அறிவர்.’

அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். 1982 மார்ச் மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு வந்த கூட்டத்துக்கும் கடலோரத்துக் கிறிஸ்தவ மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை அவர்களுடைய பாட்டிமார் கண்ணால் கண்டவர்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின, தீ பக்கத்துக் கடலோர ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் குழு வைத்தார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கத்து மனங்களையும் ஆற்றப் பாடுபட்டார். அந்த வகுப்பில் கடப்புறத்துப் பிள்ளையும் மண்டைக்காட்டுப் பக்கத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் அந்தக் கதை உண்டு, வெவ்வேறு மாதிரியாக. சார்ட்டில் கோத்திருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு இருவரும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்தது என்று சொன்னேனே, அது இந்த அமைதிதான்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1741 ஆகஸ்டில் இந்தக் கரையில் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்தது. அதன் நினைவாக வெற்றித் தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது. சிறைப்பட்டவர்களில் டிலனாய் ஒருவர். இன்றைய பிரான்சில் இருக்கும் அராஸ் நகரத்துக்காரர். பிடிபட்டவரை அரசர் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசானாக வைத்துக்கொண்டார். பாஷை வேறு, மதம் வேறு, நேற்றுவரை எதிரி. அப்படிப்பட்டவர் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ ஆகி, 1777இல் இங்கேயே இறந்தார். உதயகிரிக் கோட்டையில் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், இவரைப் போல அந்நிய ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே வாழ்ந்து கற்றுக்கொடுத்தவர் நம் தொழிலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பேன்.

அதே டிலனாயின் பேச்சைக் கேட்டு மனம் மாறி, 1745இல் ஞானஸ்நானம் பெற்ற அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனார். டிலனாயின் மதத்துக்கு இடம் கொடுத்த அதே அரசரின் ஆட்சியில், 1752இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் தேதி வாட்டிகனில் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த மாவட்டத்துச் சர்ச்சுகளில் மணி அடித்தது. வெளியூரிலிருந்து வந்தவனுக்குக் கிடைத்த இடம் உள்ளூரில் பிறந்தவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான் இது. அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரிந்திருக்காது, அதில் தவறும் இல்லை. இப்படி ஒரு கேள்வி வரும் என்றுகூட இரண்டு ஆண்டில் யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

கடப்புறத்திலிருந்து அலுமினியச் சட்டியில் மீன் சுமந்து ஊருக்குள் போகும் பெண்களை இந்த இடத்தில் புகழ வேண்டும். எந்த வீட்டில் கார்த்திகை பிறந்தால் மீன் வாங்க மாட்டார்கள், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கூடாது, நோன்புக் காலத்தில் எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் போக வேண்டும், தவக்காலத்தில் யார் வீட்டில் கறி குறையும், மாசிக் கொடைக்கு விரதம் எடுத்த வீடு எது என்று ஒன்றையும் எழுதி வைக்காமல் நினைவில் வைத்திருப்பார்கள். விரதம் இருக்கும் வீட்டு வாசலில் குரல் கொடுக்காமல் தாண்டிப் போவார்கள். எவர் மனமும் நோகாமல், தங்கள் பிழைப்பும் கெடாமல் மூன்று மதத் தெருவுக்குள் தினமும் போய்வரும் அந்தத் திறனை ஐரோப்பியப் பேரவையின் இருபதில் எதில் சேர்ப்பது என்று யோசித்திருக்கிறேன். பாதிக்கு மேல் பொருந்துகிறது. அவர்களில் பலர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். வெள்ளம் கேட்ட பையனின் அம்மையும் அவர்களில் ஒருத்தி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளைகளே தலித் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியபோது எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் சோறு உண்ணவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளியின் பேரில் இருக்கும் சாதி வரைக்கும் எதையும் விடாமல் பேசிய அறிக்கை, பி.எட். பாடத்திட்டத்தையும் மாற்றச் சொன்னது. இத்தனை தெளிவாக நம்மிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நாளைக்கு ஒரு பள்ளியில் இன்னொரு பிள்ளை வெட்டுப்பட்டால், தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல நமக்கு வழி இல்லை.

இத்தனை ஆண்டில் ஒரே ஒரு பெண்தான் என்னிடம் வந்து, “சார், அந்தப் பையன் வீடு எங்க இருக்கு?” என்று கேட்டாள். சார்ட் கொண்டுவந்தவள் இல்லை, அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தவள். ஒருவன் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்பதற்காகக் கேட்டாள்.

“சனிக்கிழமை காலையில மீன் ஏலம் விடுற இடத்துக்குப் போ மக்கா. அவன் அம்மை அங்கதான் இருப்பா” என்றேன்.

போனாள். ஒரு சனிக்கிழமையில் முடியவில்லை, நாலு சனிக்கிழமை போனாள். சாளைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டை மடியில் வைத்து எழுதியிருக்கிறாள். “டீச்சரே, ஒக்கிக்குப் பிறகு இவன் கடலைப் பார்த்தாலே பேசமாட்டான்” என்று அந்த அம்மை சொன்னது அதில் இருந்தது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் அவன் மாமன் போன வள்ளம் திரும்பவில்லை. மண்டைக்காட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தியின் பாட்டியிடம் போய்க் கேட்ட 1982ஆம் ஆண்டும் அதில் இருந்தது. கடப்புறத்துப் பாட்டி சொன்ன 1982ஆம் ஆண்டும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. முன்னறிவு மட்டும் ஒன்பது பக்கம். தாள் உப்பில் ஊறி நெளிந்திருந்தது, ஓரத்தில் செதில் ஒட்டியிருந்தது. அதன்பின் அவள் எடுத்த வகுப்பில் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மணி அடித்த பிறகும் பாடம் முடியவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே ‘மிக நன்று’ என்று எழுதினேன், என் வாழ்நாளில் முதல் முறையாக மனதறிந்து.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் அவள் கல்லூரியில் அந்த ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படிவத்தில் உள்ளபடி இல்லை, அழுக்காக இருக்கிறது, திரும்ப எழுதிக் கொண்டு வா என்று சொன்னார்களாம். மூன்று ராத்திரி விழித்திருந்து அவள் புதிதாக எழுதினாள். பிரவுன் அட்டை, கண்ணாடித் தாள், இரண்டு நிற மை. என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன். முன்னறிவு மூன்று வரியில் அடங்கியிருந்தது. முழு மதிப்பெண் கிடைத்தது என்று பிறகு போன் செய்து சொன்னாள்.

பழையதை என்ன செய்தாய் என்று கேட்டேன். வீட்டில் கிடக்கிறது என்றாள். எனக்குத் தா என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அட்டை கிழிந்துவிட்டது. நாலு மூலையும் மடங்கியிருக்கின்றன. மழை நாளில் அலமாரியைத் திறந்தால் இப்போதும் லேசாக மீன் வாடை அடிக்கிறது.