சபையோர் இனவிளக்கம்: ஆரையம்பதி உரையுடன்

சட்டநிரூபண சபை உறுப்பினன் என்னும் உயிர் இலங்கைத் தீவில் 1833இல் தோன்றி, 1931இல் டொனமூர்த் திட்டம் வந்ததும் அற்றுப்போயிற்று. அவ்வுயிரின் இனங்களை வகுத்தல் இந்நூலின் பொருள். வகுக்க எமக்கு என்ன தகுதி எனின், அச்சபையே மனிதரை வகுத்துத்தான் பிறந்தது என்க. ஐரோப்பியருக்கு மூன்று ஆசனம். சிங்களவர், தமிழர், பறங்கியருக்கு ஒவ்வொன்று. ஆரையம்பதியில் வாவிக்குள் வலை வீசியவரும், வல்வெட்டித்துறைக் கப்பல்காரரும், கண்டிக் கோப்பித் தோட்டத்துக் கூலியும் அந்த ஒற்றைத் தமிழ் ஆசனத்துக்குள் அடங்கினர். அவர்களை யாரும் கேட்கவில்லை.

முதலாம் இனம், நியமனன். தேசாதிபதியின் கண்ணில் பட்டுக் கடிதம் வாங்கி அமர்பவன். இவ்வினத்துள் செழித்தது குமாரசுவாமி கிளை. முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். இடையில் வேறு சிலர் இருந்து எழுந்தபின், அவர் மகன் முத்துக்குமாரசுவாமி. 1879இல் அவர் இறக்க, அவருடைய சகோதரி மகன் பொன்னம்பலம் இராமநாதன், 28 வயதில். 1892இல் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாகப் போனார். ஆசனம் மறு ஆண்டு அவர் அண்ணனுக்குப் போயிற்று.

மாமனிடமிருந்து மருமகனுக்கு என்றதும் மட்டக்களப்பார் நிமிர்ந்து உட்காருவர். எங்கள் கோயில்களில் வண்ணக்கர் பதவி தாய்வழிக் குடியில் இறங்கும். மகன் பார்த்து நிற்க மருமகன் பொறுப்பேற்பான். அற்றேல், விக்டோரியா மகாராணியின் தேசாதிபதி எங்கள் வயிற்றுவார் முறையைக் கற்றுத் தேர்ந்தாரோ எனின், அஃதன்று, தற்செயலே. வேற்றுமையும் உண்டு. வண்ணக்கரின் கணக்கில் ஐயம் வந்தால் குடிமக்கள் கூடிக் கேட்பார்கள். நியமனனைக் கேட்கத் தேசாதிபதி ஒருவரே, அவருக்கோ கேட்கும் அவசியம் இல்லை.

இரண்டாம் இனம், படித்தோன். 1911இல் 'படித்த இலங்கையர்' என்றொரு ஆசனத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தில் வாக்காளர் சுமார் 3,000 பேர். புழு சிறகு முளைத்துப் பறப்பதை விலங்கியலார் வியப்பர். நியமனனாகத் தொடங்கிய இராமநாதன் 60 வயதில் படித்தோனாக வெளிப்பட்டு, மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். படித்தவர்கள் எதைப் பார்த்து வாக்களித்தார்கள்? கொவிகமச் சிங்களவர் பலருக்குக் கராவ சாதிச் சிங்களவரைவிட வெள்ளாளத் தமிழர் மேலாகத் தெரிந்தார். படிப்பின் பயன் அது.

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகல். வகுக்கப்பட்டவரே வகுப்போராவதும் உண்டு. 1888இல் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். மறு ஆண்டே அரசு சோனகருக்குத் தனி ஆசனம் கொடுத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அக்கட்டுரையை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆரையம்பதிக்கு வடக்கே அடுத்த ஊர் காத்தான்குடி. இரண்டு ஊருக்கும் பேச்சு தமிழ். குடி சொல்லித் தாய்வழி எண்ணுகிற வழக்கமும் இருபுறமும் உண்டு. ஆயினும் தாங்கள் யார் என்பதைக் காத்தான்குடியார் கொழும்புக் கட்டுரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் என்றும் இருந்ததில்லை. ஒத்த மொழி, ஒத்த குடிமுறை, ஆகவே ஒரே இனம் என்ற கணக்கு, எண்ணப்படுகிறவர் சம்மதம் இல்லாமல் தேறாது.

மூன்றாம் இனம், வாவிக்கரையன். இது மிகப் பிந்தியே தோன்றிற்று. 1920களில் சட்டத்தரணி இ. ஆர். தம்பிமுத்து மட்டக்களப்புக்கென்று சபையில் இருந்தார். ஆசிரியரான வி. நல்லையா அடுத்து வந்த அரசாங்க சபைக்காரர். நூலின் எல்லைக்குப் புறத்தவர். எங்கள் பக்கத்தவர் என்பதால் அடக்கினோம். சிங்களத்தை ஆட்சிமொழியாக்க ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்க 1944இல் திருத்தம் கொண்டுவந்தவர் அவர். அவர் முயன்று எழுப்பிய வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவில்தான் பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று.

ஒழிபு. டொனமூர் ஆணைக்குழுவின் முன் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்களுக்கும் வாக்கு வேண்டாம் என்றார். அவருடைய இரண்டாம் மனைவி லீலாவதி அம்மையார் அவுஸ்திரேலியர். அந்நாட்டில் 1902இலேயே, பழங்குடியினர் நீங்கலாக, பெண்கள் கூட்டாட்சி வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். இம்முரணை எவ்வினத்துள் வைப்பது எனின், இல்லறவியலுள் வைக்க. அது இந்நூலுள் அடங்காது.